6 அடிக்கு மேல் உயரம் இருப்பவர் நகரத்துக்குள் ஓட்ட ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா? சீட் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேட்டவர் 6 அடி 2 அங்குலம் என்கிறார். தினமும் அலுவலகம் போய்வரத்தான் வண்டி. நான் 6 அடி 3 அங்குலம். ஏறக்குறைய இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். கிடைத்த பதிலை நம்பி வாங்கி, ஒன்றரை ஆண்டு வலியோடு ஓட்டினேன். அதனால்தான் கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் விஷயம், சீட் உயரத்தை மறந்துவிடுங்கள். கால் தரையில் எட்டுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கான எண் அது. உங்களுக்கும் எனக்கும் எந்த வண்டியிலும் கால் எட்டும். நாம் பார்க்க வேண்டியது சீட்டுக்கும் ஃபுட்பெக்குக்கும் (ஓட்டும்போது கால் வைக்கும் கட்டை) நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த ஃபுட்பெக் எவ்வளவு பின்னால் தள்ளி இருக்கிறது, ஹேண்டில்பார் எவ்வளவு கீழே இருக்கிறது என்பவற்றை. விளம்பரத் தாளில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது.

நம்பிக்கை வரவில்லை என்றால் இந்த எண்களைப் பாருங்கள். யமஹா ஆர்15 சீட் உயரம் 815 மி.மீ. அதே 155 சிசி இன்ஜினோடு வரும் எம்டி-15 வண்டிக்கு 810. ஹோண்டா சிபிஆர்650ஆர், சிபி650ஆர் இரண்டுக்கும் 810. கவாசாகி நிஞ்சா 650, இசட்650 இரண்டுக்கும் 790. ஜோடி ஜோடியாக ஒரே இன்ஜின், கிட்டத்தட்ட ஒரே சீட் உயரம். ஆனால் ஆர்15-இல் ஐந்து நிமிடம், எம்டி-15-இல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றில் டேங்க் மேல் குனிந்து கிடப்பீர்கள், மற்றதில் நிமிர்ந்து இருப்பீர்கள். சீட் உயரம் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள், 155 சிசி வண்டியின் சீட் 650 சிசி வண்டியின் சீட்டைவிட உயரம். அதனால் அது பெரிய ஆளுக்கான வண்டி ஆகிவிடாது.

உங்களைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எந்த பைக் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். படம் போனில் இருக்கிறது. வீட்டில் யாரோ "இதெல்லாம் இப்போ எதுக்கு" என்று கேட்டிருப்பார்கள், அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் தேவைப்படுகிறது. நான் கேட்டபோது என் நிலைமை அதுதான்.

என் கதைக்கு வருகிறேன். வண்டியின் பெயர் சொல்ல மாட்டேன். அது நல்ல வண்டி, என் உடம்புக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

டெஸ்ட் ரைடு ஒரு ஞாயிறு காலை. சாலை காலியாக இருந்தது. பத்து நிமிடம் ஓட்டினேன், இறங்கவே மனமில்லை. அன்று எனக்குப் புரியாத ஒன்று, அந்த வேகத்தில் என்னைத் தாங்கியது காற்று. ஸ்போர்ட்ஸ் பைக்கில் முன்னால் சாய்ந்து உட்காரும்போது உடம்பின் எடை கைக்குப் போகிறது. 80, 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தள்ளி அந்த எடையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்த உதவி கிடையாது. முழு எடையும் மணிக்கட்டில்தான். நம்மைப் போல நீண்ட முதுகு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடுதல்.

அலுவலகம் 16 கி.மீ., வழியில் 22 சிக்னல். காலையில் 55 நிமிடம் ஆகும். முதல் வாரம் மணிக்கட்டு வலித்தது, பழகிவிடும் என்றார்கள். இரண்டாம் மாதம் ஒவ்வொரு சிக்னலிலும் காலை ஃபுட்பெக்கிலிருந்து எடுத்துத் தொங்கப்போட்டு முட்டியை நீட்டி மடக்குவது வழக்கமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். அந்த வண்டியில் எனக்கு அதைவிட இறுக்கமாக மடங்கியிருந்தது. டேங்கில் முட்டி பதிவதற்காக ஒரு குழிவு இருக்கும் இல்லையா, என் முட்டி அதற்கு மேலே போய் நின்றது. தொடையால் டேங்கைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாததால் பிரேக் போடும்போதெல்லாம் எடை மறுபடி கைக்கே போனது. நான்காம் மாதம் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது, சைக்கிள் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கும் இது வரும் என்று மருத்துவர் விளக்கினார். அன்றும் நான் வீட்டில் சொல்லவில்லை. மூன்று ஆண்டு சேர்த்த பணம் அது. எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிய வண்டி. வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் ஒருநாள் யூ டர்ன் எடுக்கும்போது விழுந்தேன். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் மற்ற வண்டிகளில் திரும்பும் அளவுக்குத் திரும்பாது. எனக்கு அதுகூட முழுசாகத் திரும்பவில்லை, ஹேண்டிலின் முனை என் முட்டியில் இடித்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு விரல் அளவு திரும்பியிருந்தால் வளைவு முடிந்திருக்கும். வேகம் இல்லாத வண்டி சாய்ந்தது. பின்னால் மடங்கியிருந்த காலை எடுத்துத் தரையில் ஊன்றுவதற்குள் 170 கிலோவும் கைமீறிப் போய்விட்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மா இறங்கி வந்து தூக்க உதவினார். பெரிய காயம் இல்லை. ஆனால் "கால் இவ்வளவு நீளமா இருந்தும் ஊன முடியலையாப்பா" என்று அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இதைப் படித்ததும் சிலர் வருவார்கள், தெரியும். "பைக் பந்தய வீரர் வாலண்டினோ ரோஸி ஏறக்குறைய 6 அடி, 9 உலகப் பட்டம் வாங்கவில்லையா?" வாங்கினார், மறுக்கவில்லை. அவருடைய சீட்டும் ஃபுட்பெக்கும் அவர் உடம்பை அளந்து பொருத்தப்பட்டவை. பந்தயம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நடுவில் சிக்னல் கிடையாது. இன்னும் சிலர் "உடற்பயிற்சி செய், வயிற்றுத் தசை வலுவாக இருந்தால் மணிக்கட்டில் எடை விழாது" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, நானும் செய்தேன், மணிக்கட்டு வலி கொஞ்சம் குறைந்தது. முட்டி மடங்கும் கோணத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது. 6 அடி 4 அங்குலத்தில் சந்தோஷமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயரம் காலில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்போர்ட்ஸ் பைக்கே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது வேறு. வாங்கும்போது விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், உங்க உயரத்துக்கு எல்லா வண்டியும் செட் ஆகும்" என்றார். உயரமானவனுக்கு எல்லாம் வசதி என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்து எனக்குக் கடைசி பெஞ்ச்தான். முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு மறைக்குமாம். கரும்பலகை எனக்குத் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் பார்வை குறைவு என்று எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு "கவனம் இல்லாத பையன்" என்று பெயர். அந்த நான்கு ஆண்டை யாராலும் திருப்பித் தர முடியாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் "உங்க உயரத்துக்கு" என்று யாராவது தொடங்கினால் எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே அழுத்திவைத்து, அதன் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் காலின் உள்நீளம். மொத்த உயரத்தைவிட இது முக்கியம். உயரமும் கால் நீளமும் கொடுத்தால் எந்த வண்டியில் முட்டி எவ்வளவு மடங்கும் என்று படம் போட்டுக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன, அதில் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம்.

பிறகு நேரில் போய், அலுவலகத்துக்குப் போடும் ஷூவும் பையுமாக உட்காருங்கள். வண்டியை ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் வைத்து, நகராமல் பதினைந்து நிமிடம் இருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் இருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், முட்டியில் இடிக்கிறதா, கட்டைவிரல் டேங்கில் நசுங்குகிறதா என்று. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா, உங்கள் தோள்தான் தெரிகிறதா என்று பாருங்கள். ஷூ பெரிய அளவு என்றால் கியர் லீவருக்கு அடியில் நுனி நுழைகிறதா என்பதையும். லீவரை மெக்கானிக் கொஞ்சம் ஏற்றித் தருவார், அது சின்ன வேலை. டெஸ்ட் ரைடை ஞாயிறு காலை எடுக்காதீர்கள். வேலைநாளில் நெரிசல் நேரத்தில் கேளுங்கள், ரேடியேட்டர் விசிறி ஓடும்போது சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஃபேரிங் (முன்பக்கத்தையும் இன்ஜினையும் மூடும் உறை) வைத்த வண்டிதான் வேண்டும் என்றால், இடது வலது எனத் தனித்தனித் துண்டாக வரும் கிளிப்-ஆன் ஹேண்டில், முன் ஃபோர்க்கின் உச்சியைப் பிடிக்கும் மேல் கிளாம்புக்கு மேலே பொருத்தப்பட்டதாகப் பாருங்கள். நிஞ்சா 650 அந்த வகை, உயரம் கூடிய சீட்டும் துணைப்பொருளாக வருகிறது. சீட் உயர்ந்தால் நமக்கு நல்லது, முட்டிக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஹேண்டில் அதே இடத்தில் இருப்பதால் குனிவு கூடும், அதையும் சேர்த்து யோசியுங்கள். ஃபுட்பெக்கைக் கீழே இறக்கும் பிராக்கெட்டும் உண்டு, வளைவில் சாய்க்கும்போது சீக்கிரம் தரையில் உரசும் என்பதுதான் அதன் விலை. ஹேண்டிலை உயர்த்தினால் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள். நான் இந்த மாற்றங்களில் இரண்டைச் செய்தேன். வலி பாதியானது, போகவில்லை. எடையும் கூடுதல் என்றால் பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவை, ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

என் வண்டி இப்போது தம்பியிடம் இருக்கிறது. அவன் 5 அடி 6 அங்குலம். ஒருநாள் அவசரத்துக்கு எடுத்துப் போனவன் திரும்பி வந்து, "அண்ணா, இது என்னை அளந்து செஞ்ச மாதிரி இருக்கு, நீ எப்படி இதுல உட்கார்றே?" என்றான். அன்று இரவுதான் வலியைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தேன். மறு மாதம் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன். அதே இன்ஜினோடு வரும், ஃபேரிங் இல்லாத, நிமிர்ந்து உட்காரும் வண்டியை நான் எடுத்தேன். அதே 16 கி.மீ., அதே 22 சிக்னல். விரல் மரத்துப்போவது இரண்டு மாதத்தில் நின்றது. ஞாயிறு காலையில் தம்பியிடம் சாவி கேட்டு வாங்கி, பழைய வண்டியில் அரை மணி நேரம் போய்வருகிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு அதைப் போல ஒரு வண்டி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காலின் உள்நீளத்தை அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள், தினமும் எத்தனை நிமிடப் பயணம் என்பதையும் சேர்த்து. எந்த வண்டிகளில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்கிறேன்.