எரிகாயம்: இந்த வாரத் தபாலில் வந்தவை

கே: உடம்பில் 40 வீதம் எரிந்தவர் பிழைப்பாரா? (ஹட்டன்)
யார் அவர்? வயதை எழுதாமல் வீதத்தை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? வயதையும் வீதத்தையும் கூட்டுங்கள், தொகை ஏற ஏற ஆபத்தும் ஏறும். புகை உள்ளே போயிருந்தால் இன்னும் 17. இருபத்தைந்து வயதுக்காரருக்கு 65 வரும், நல்ல எரிகாயப் பிரிவில் பெரும்பாலும் தப்பிவிடுவார். எழுபது வயதுக்கு 110. அதே காயம்தான், ஆனால் உயிருக்குப் போராட வேண்டியிருக்கும்.

கே: வீதத்தை எப்படிக் கணிப்பது? (மஸ்கெலியா)
விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை ஏறத்தாழ 1 வீதம். காயப்பட்டவரின் கை, உங்களுடையது அல்ல. வெறுமனே சிவந்த இடத்தைச் சேர்க்காதீர்கள்.

கே: வெந்நீர் கொட்டியதும் பற்பசை பூசினோம், எரிச்சல் அடங்கியது. சரிதானே? (பொகவந்தலாவை)
சரியில்லை! எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வார்டில் இருந்த காலத்தில் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். முழங்கை வரை பற்பசை காய்ந்து சுண்ணாம்பு போல வெடித்திருந்தது. காயத்தின் ஆழத்தைப் பார்க்க அதை ஊறவைத்து எடுக்கவே அரை மணி நேரம். அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பற்பசை, கோப்பித் தூள், முட்டை வெள்ளை, ஐஸ் எதுவும் வேண்டாம். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பீலித் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். மூன்று மணி நேரத்துக்குள் என்றால் பலன் உண்டு. ஆனால் நம் மலைக் குளிரில், அதுவும் பெரிய காயமென்றால், உடம்பு விறைத்துவிடும். காயத்தில் தண்ணீர், மற்ற இடத்தில் கம்பளி. அப்புறம் சுத்தமான துணியால் மூடி 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கே: காயத்தில் வலியே இல்லை. நல்லதா? (பதுளை)
கெட்டது. நரம்பும் எரிந்திருக்கிறது. இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கே: அப்பா மூன்று நாள் நன்றாகப் பேசினார், பத்தாம் நாள் போய்விட்டார். ஏன்? (தலவாக்கலை)
வருந்துகிறேன். முதல் இரண்டு நாள் உடலின் நீர் கசிந்து போவதுதான் பயம், சேலைன் அதற்குத்தான். அதன் பிறகு, தோல் இல்லாத இடத்தில் நுழையும் கிருமி. பேசுவதை வைத்து எதையும் கணிக்க முடியாது. நீங்கள் எதையும் தவறவிட்டதாக எண்ண வேண்டாம்.

கே: குப்பி விளக்கு அவ்வளவு ஆபத்தா? (வெலிமடை)
சரிந்தால் மண்ணெண்ணெய் மடியில். வைத்தியர் விஜய கொடகும்புர வடிவமைத்த குட்டையான, கனமான விளக்குக்குத் திருகு மூடி உண்டு. இரு பக்கமும் தட்டை, சரிந்தாலும் உருளாது. அது கிடைக்காவிட்டால் டோர்ச் வாங்குங்கள். பற்பசை பல்லுக்கு.