பால்மரத்தில் பாதிக் கோடு காய்ந்தால்

கோடு காய்ந்த பால்மரங்களில், அதாவது ரப்பர் மரங்களில், நாளையிலிருந்தே பால் வெட்டாதீர்கள். பால் வடியப் பட்டையில் போடும் வெட்டுக்கோட்டின் பாதியில் பால் வரவில்லை, உள்பட்டை பழுப்பாக இருக்கிறது என்கிறீர்களே, அது பட்டை வறட்சி. ஆழமாக வெட்டினால் காயம்தான் மிஞ்சும்.

மகளின் பள்ளிச் செலவுக்காகத் தினமும் வெட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். பால் அதிகம் வடியப் பூசும் எத்திபோன் மருந்தும் பூசியிருந்தால் இன்னும் மோசம். வடிந்த பால் மறுபடி ஊற மரத்துக்கு நாள் வேண்டும்.

விடியற்காலையில் வெட்டுக்கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியில் ஊசியால் குத்திக்கொண்டே இறங்குங்கள். வெள்ளைச் சொட்டு துளிர்க்கும் இடம்வரைதான் வறட்சி. அங்கே சுண்ணாம்பால் குறி போடுங்கள். சில மாதம் கழித்து அதே மரத்தில் மறுபடி குத்திப் பாருங்கள்.

நல்ல மரங்களை ஒருநாள் விட்டு ஒருநாள், முடிந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் பால் கூடும். வருமானம் நீங்கள் பயப்படும் அளவு குறையாது. பால் பிடிக்கும் மங்கில் உறைந்த கட்டி, கோட்டில் ஒட்டிய ஒட்டுப்பால் எதையும் விடாமல் விற்றுவிடுங்கள்.

ஆனால் ஓய்வு கொடுத்தாலும் எல்லா மரமும் மீளாது. அப்புறம், மலேசியாவின் கெடா மாநிலத்துப் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது தோட்டம் முழுக்கப் பால் குறையும். அது நோயில்லை.