ஏரியில் பச்சைப் படலம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோடை விடுமுறையில் மலையூர் ஒன்றுக்குப் போயிருந்தோம். பெடல் படகில் என் ஆறு வயது மகன் தண்ணீரில் கையை அளைந்துகொண்டே வந்தான். கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டினாற்போல் இருந்தது. படகுக்காரரைக் கேட்டால் ‘வெறும் பாசிதாம்மா’ என்றார். பயப்பட வேண்டுமா ஐயா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போய் வந்து இத்தனை நாளாகிப் பையன் நன்றாக இருக்கிறான் என்றால் கவலையை விடுங்கள் அம்மா. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது சயனோபாக்டீரியா என்கிற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இதில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகளின் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. காற்றில்லாத இரவில் மேலே மிதந்து வந்துவிடும். காலையில் லேசாகக் காற்றடித்தால் போதும், அத்தனையும் ஒரு கரையில் போய் ஒதுங்கும். நடு ஏரி தெளிவாக இருக்கும்போதே படகுத்துறை கூழாகக் கிடப்பது இதனால்தான்.

இவற்றில் சில கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று பார்வையால் சொல்ல எனக்கும் முடியாது, எவருக்கும் முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும். அதனால் பெயின்ட் போன்ற படலம் கண்ணில் பட்டால் குழந்தையின் கையை எடுக்கச் சொல்லுங்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நாயைக் கூட்டிப்போனால் இன்னும் கவனம் தேவை. அது தண்ணீரையும் குடிக்கும், கரையேறி உடம்பையும் நக்கும். வெளிநாடுகளில் நாய்கள் இப்படிச் செத்திருக்கின்றன. தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரிடம் ஏரிக்குப் போனதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரிலேயே மைக்ரோசிஸ்டின் இருந்தது. சுமார் ஐந்து லட்சம் பேருக்கு ‘குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்’ என்று அறிவித்தார்கள். வயல்களின் உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் மாமீ ஆற்று வழியே வந்து சேரும் பாஸ்பரஸ்தான் அந்தப் பாசிக்குத் தீனி.

நம் மலையூர்களில் உர வேலையைச் சாக்கடையும் சேர்ந்து செய்கிறது. 1820களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியைப் பாருங்கள், ஊர்க் கழிவு கோடப்பமந்து கால்வாய் வழியாக அதில் வந்து கலப்பது ஊரறிந்த சங்கதி. படகுக்குச் சீட்டு கிழிக்கிற இடத்தில் கட்டணப் பலகை இருக்கிறது. பக்கத்திலேயே ‘இந்த வாரம் தண்ணீர் எப்படி’ என்று ஒரு பலகை ஏன் இருக்கக் கூடாது? காசு கொடுத்து உள்ளே போகிறவருக்கு அந்த உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். ஏற்காடு ஏரியைக் கண்காணிக்க ஆசை. விலை உயர்ந்த கருவி வாங்க வழியில்லை. எப்படித் தொடங்குவது?
– ஒரு மாணவர், சேலம்

பதில்: நல்ல காரியம் தம்பி. 20 செ.மீ. அகலத்தில் வட்டத் தகடு ஒன்று வெட்டி, கால் பாகம் வெள்ளை, கால் பாகம் கறுப்பு என்று மாற்றி மாற்றி அடித்து, அளவு குறித்த கயிற்றில் கட்டுங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் இதைச் செக்கி தகடு என்பார்கள். படகின் நிழல் விழும் பக்கம் இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறியுங்கள். வாரம் ஒரு முறை, அதே இடம், அதே நேரம்.

படலம் கண்டால் கையுறை போட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, ஆய்வக ஃப்ரிட்ஜில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே வந்து வளையமாக நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கலாம். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியால் கிளறும்போது தலைமுடி மாதிரி இழை இழையாக வந்தாலும் பெரும்பாலும் சாதாரண வகைதான்.

ஒன்று முக்கியம். மாதிரியை ஏரி நடுவில் மட்டும் எடுக்காதீர்கள், காற்று ஒதுக்கும் கரையிலும் எடுங்கள். குழந்தைகள் கை வைப்பது அங்கேதான். நஞ்சு அளவைப் பார்க்க, பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகம் எதையாவது அணுகுங்கள். நீந்துவது போன்ற பொழுதுபோக்குக்கான நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் பரிந்துரைத்தது, உலக சுகாதார நிறுவனம் 24 என்கிறது. நான் குழந்தைகளை நினைத்து 8ஐத்தான் எடுத்துக்கொள்வேன். மாதிரி பாட்டிலை வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள்.