கிராம சபையில் விளையாட்டுத் திடல் கேட்டால் கிடைக்குமா?

எங்கள் ஊரில் கிடைத்தது. ஆனால் முதல் தடவை கேட்டபோது கிடைக்கவில்லை.

ஓர் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் எழுந்து, "பிள்ளைகள் விளையாட இடமே இல்லை, ஏதாவது செய்யுங்கள்" என்றேன். "பார்க்கலாம் தம்பி" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் குடிநீர் இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, திடல் இல்லை. கூட்டத்தில் பேசியதற்கு ஆயுள் அன்று சாயங்காலம் வரைதான். புத்தகத்தில் ஏறினால்தான் அது கோரிக்கை.

அக்டோபர் 2 கூட்டத்துக்குத் தயாராகப் போனோம். அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேடு வரும். நிலம் என்ன வகை என்று அதில் தெரியும். குளம், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் வற்றிக் கிடந்தாலும் அதைக் கேட்காதீர்கள். அது தண்ணீருக்கான இடம், நீதிமன்றமும் விடாது. எங்களுக்கு ஊர்க்கோடியில் கருவேலம் மண்டிக் கிடந்த பழைய நெற்களம் அகப்பட்டது. களம் புறம்போக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

"நிதி இல்லை" என்பதுதான் முதல் பதிலாக வரும். வந்தது. அப்போதைய நூறு நாள் வேலைத் திட்டத்தின் பணிப் பட்டியலிலேயே விளையாட்டுத் திடல் இருந்தது. அதைக் காட்டி, முள் வெட்டி மண்ணைச் சமன் செய்யும் வேலையை அந்த வருடத்துக் கிராம வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொன்னோம்.

இருந்தாலும் காரியத்தை முடித்தது எங்கள் காகிதங்கள் இல்லை. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எங்கள் ஊரில் அந்த நூறில் பாதிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஓர் அக்கா எழுந்தார். "பையனுங்க ரோட்டுலயாவது ஆடுறானுங்க. பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டா என் பொண்ணு எங்க போய் கோகோ ஆடுவா? அந்த முள்ளை நாங்களே வெட்டுறோம், எழுதுங்க" என்றார். சுற்றியிருந்தவர்களும் "எழுதுங்க, எழுதுங்க" என்றார்கள். செயலர் எழுதினார். சர்வே எண்ணோடு எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

அதற்குப் பிறகும் ஓவர்சீயர் வந்து அளக்கவும் வேலை தொடங்கவும் மாதங்கள் ஆயின. தீர்மான நகலை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு எத்தனை முறை போனோம் என்று கணக்கே இல்லை.

நீங்கள் நகரத்தில் இருந்தால் கிராம சபைக்குப் பதில் பகுதி சபை. அங்கும் இடம், பட்டா விவரம், கேட்கும் வேலை மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். கூடவே அந்த இடத்தில் விளையாடப்போகும் பிள்ளைகளின் அம்மாக்களையும் அழைத்துப் போங்கள்.

எங்கள் திடலில் இன்னும் விளக்கு இல்லை. ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவதில்லை. நவம்பர் 1 கூட்டத்தில் அதைக் கேட்கப் போகிறோம்.