இன்டர்வியூவில் ‘கணவர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்று கேட்டால்…

கேள்வி: உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். 45 நிமிட ஆய்வுரையில் பத்தாவது நிமிடமே ஒருவர் குறுக்கிட்டார், கடைசிவரை விடவில்லை. இன்னொருவர் பாதி நேரம் போனில் இருந்தார். மதியச் சாப்பாட்டில், தேர்வுக் குழுத் தலைவர் பக்கத்தில் இருக்கும்போதே, ‘கல்யாணம் ஆகிவிட்டதா? கணவரும் இங்கே வந்துவிடுவாரா? குழந்தை?’ என்று ஒருவர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். போதாததற்கு, ஒரு பருவத்துக்கான பாடக் குறிப்புகள் முழுவதையும் அனுப்பச் சொன்னார்கள். ஆறு வாரமாகப் பதில் இல்லை. புகார் கொடுக்கலாமா? வேலை கிடைத்தால் சேரலாமா?

பதில்: எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள், அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான் விதிமீறல். மற்றதில் சில வெறும் மரியாதைக் குறைவு, சில இந்தத் தொழிலின் வழக்கம்.

குறுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரம் மாதிரியான துறைகளில் முதல் ஸ்லைடிலேயே கையைத் தூக்குவார்கள், அங்கே அது அவமரியாதை ஆகாது. கேட்டவர் உங்கள் பதிலைக் காதில் வாங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாரா, பதில் முடியும் முன்பே அடுத்ததை வீசினாரா என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது என்றால் அவருக்கு உங்கள் ஆய்வில் அக்கறை இருந்திருக்கிறது. இரண்டாவது என்றால் சபையில் தன்னைக் காட்டிக்கொள்கிறார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முக்கிய முடிவை முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம் பறிபோனாலும் உரை நிற்கிற மாதிரி அடுக்குங்கள். முடிவுரை ஸ்லைடின் எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட்டில் அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும், அவசர அவசரமாக இருபது ஸ்லைடு தள்ள வேண்டியதில்லை. விடாமல் கேட்பவரிடம், “இது தனியாகப் பேச வேண்டிய விஷயம், கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். அந்த இடத்தில் குழுத் தலைவர்தான் தலையிட்டிருக்க வேண்டும்.

போன் பார்த்தவரை விட்டுவிடுங்கள். புகாரில் அதைச் சேர்த்தால், படிப்பவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுவார்.

இப்போது அந்தக் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் ‘இவர் வருவாரா, வந்தால் நிலைப்பாரா’ என்று கணக்குப் போடுகிறார். அதற்கு மட்டும் பதில் கொடுங்கள்: “இடம் மாறி வர எனக்குத் தடை எதுவும் இல்லை. பருவம் தொடங்கும் முன் சேர்ந்துவிடுவேன்.” திருமணம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மறுபடி கேட்டால், “இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சொன்னால் பொருத்தமாகப் பதில் சொல்வேன்” என்று நிதானமாகக் கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேட்டாலே பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். பொய் சொல்வது நல்ல வழியில்லை. (ஜெர்மனியில் நிலைமை வேறு. நேர்காணலில் கர்ப்பமா என்று கேட்டால் உண்மையை மறைக்கலாம் என்று அங்கே நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.) சாப்பாடு, தேநீர், காரில் கூட்டிப்போவது எல்லாம் நேர்காணல்தான். வினாத்தாள் கையில் இல்லாத நேரம் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் அங்கேதான் வந்து விழும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நாள், நேரம், இடம், யார் கேட்டார், கேட்ட சொற்கள் அப்படியே, யார் யார் இருந்தார்கள், நீங்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதி உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும். ‘ஆணவமாக’, ‘கேவலமாக’ போன்ற சொற்கள் வேண்டாம். அன்றிரவே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஆறு வாரத்தில் சொற்கள் மங்கியிருக்கும், நினைவில்லாததை இட்டு நிரப்பாதீர்கள்.

பாடக் குறிப்பு: ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கத் திட்டமும் ஒரு வகுப்பின் மாதிரியும் கேட்பது நியாயம். பருவம் முழுவதற்கும் கேட்பது, வேலை கொடுக்காமலே வேலை வாங்குவது. இரண்டு பக்கத்தை உங்கள் பெயர், தேதியோடு பி.டி.எஃப். ஆக அனுப்பி, “மீதியைப் பணி உறுதியானதும் தருகிறேன்” என்று எழுதுங்கள். வெளியிடாத ஆய்வுத் தரவு கேட்டாலும் இதே பதில்தான்.

ஆறு வார மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஆளுக்குப் பணி நியமன ஆணை போயிருக்கலாம், அவர் முடிவெடுக்க அவகாசம் கேட்டிருக்கலாம். அவர் கையெழுத்திடும்வரை இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருப்பவர்களுக்கு ‘இல்லை’ என்று எழுத மாட்டார்கள். அவர்கள் சொன்ன கெடு தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தால், மூன்றே வரியில் நிலவரம் கேளுங்கள். வேறு இடத்திலிருந்து ஆணை வந்திருந்தால், கெடுத் தேதியோடு அன்றைக்கே தெரிவியுங்கள். அதற்குத்தான் சட்டென்று பதில் வரும்.

புகார் கொடுக்கலாம், ஆனால் குழுத் தலைவரிடம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காதவர் அவர். மனிதவளப் பிரிவுக்கோ, சம வாய்ப்பு அலுவலகம் இருந்தால் அதற்கோ எழுதுங்கள். முடிவு வந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தால் காலக்கெடுவில் கண் வையுங்கள். அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின்படி சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போக 180 நாள்தான், பல மாநிலங்களில் 300. அங்கே திருமணம் பற்றிக் கேட்டார்கள் என்பது மட்டுமே வழக்குக்குப் போதாது. வேலை மறுக்கப்பட்டால், பாகுபாட்டுக்கு அது சான்றாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 15-ம் பிரிவின்படி, உங்களைப் பற்றி அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

ஒரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். சின்னத் துறையில் அந்த மனிதரே நாளைக்கு உங்கள் கட்டுரைக்கு மதிப்பாய்வாளராக வரலாம். அதனால் ஆய்வு நெறியாளரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். புகார் கொடுக்காமல் விட்டாலும் அது கோழைத்தனம் இல்லை.

சேரலாமா என்பதற்கு, ஒருவர் கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கேட்டபோது மேசையில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? யாராவது பேச்சை மாற்றினார்களா, எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்களா? நாளைக்கு உங்கள் பணி நிரந்தரத்துக்கு வாக்களிக்கப் போவது அதே ஆட்கள். ஆணை வந்தால், கடந்த மூன்று ஆண்டில் சேர்ந்த இருவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர்களிடம், உங்களுக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று விசாரியுங்கள். பேச ஏற்பாடு செய்யத் துறைத் தலைவர் இழுத்தடித்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.