பதில்: இலவச இணையத் திட்டத்துக்கு மாறலாமா?

ஐயா, அவசரப்பட்டு இப்போதைய இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். மாற நினைக்கும் திட்டத்தில் நாளுக்கு 1 ஜிபி (சுமார் 1000 எம்பி) இலவசம், அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஆகக் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் காணொளி வகுப்பு 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1000 கிலோபிட்) வேகத்தில் ஓடினாலே மணிக்கு 450 எம்பி கரையும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். அதன்பின் 1 எம்பி அளவுள்ள வீட்டுப்பாடப் படம் ஒன்றை அனுப்பவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எங்கள் வீட்டிலும் இப்படி மாறினோம். தேர்வுக்கு முந்தைய இரவு, பாதி ஏறிய விடைத்தாளோடு பிள்ளை அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரௌட்டருக்கு (வீட்டில் இணையத்தைப் பகிரும் கருவி) முன்பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். பழைய இணைப்பை ஒரு மாதம் நிறுத்திவைக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். வெறும் மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் என்றால் தாராளமாக மாறலாம். பிள்ளையின் படிப்புக்கு வேண்டாம்.