வி.ஆர் ஹெட்செட் (கண்ண மறைச்சு தலையில மாட்டற மெஷின், உள்ள வேற எடத்துல இருக்கற மாதிரி தெரியும்) மாட்டிகிட்டு படம் வரைஞ்சா மனசு லேசாகும்னு சொல்றாங்களே, நெஜமா இல்ல பில்டப்பா?

எனக்கு நடந்தத சொல்றேன், நெஜமா பில்டப்பானு நீங்களே பாத்துக்கங்க.

எனக்கு சுத்தமா வரைய வராது. எங்க நைனா தான் அதுல கில்லாடி, காசிமேட்டுல போட்டுக்கு பெயிண்ட் அடிச்சு பேரு நம்பர்லாம் எழுதுவாரு. போன வருசம் தவறிட்டாரு. மூத்த புள்ளைக்கு சாவு வீட்ல அழ ஏது நேரம், ஐஸ் பாக்ஸ் சொல்லணும், சாமியானா, மேளம், வர்றவங்களுக்கு டீ, எல்லாம் நம்ம தலையில. ராத்திரி கானா பாடுறவங்க வந்து நைனா பேர வெச்சே பாடுனாங்க, தெருவே அழுதுச்சு, நான் ஸ்பீக்கர் வயர் லூசா இருக்குனு அத புடிச்சுகினு நின்னேன். அப்புறம் அழலாம்னா எங்க போய் அழறது, பத்துக்கு பத்து வீடு, அஞ்சு பேரு, பாத்ரூம் கூட நாலு குடித்தனத்துக்கு பொது.

தண்டையார்பேட்டைல ஃப்ரெண்டு ஒருத்தன் கேமிங் சென்டர் வெச்சிருக்கான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன குவெஸ்ட் 2ன்ற வி.ஆர் ஹெட்செட் ஒண்ணு இருக்கு, அதுல ஓப்பன் பிரஷ்னு படம் வரையற ஆப் ஒண்ணு போட்டு குடுத்தான். கூகுள் 2016ல டில்ட் பிரஷ்னு விட்டு 2021ல கைகழுவிட்டு அதோட புரோகிராம் கோட யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல போட்டுடுச்சு, அதுல இருந்து வந்தது தான் இது, காசு கிடையாது. கையில புடிக்கிற கண்ட்ரோலர காத்துல இழுத்தா கோடு அங்கயே நிக்கும், பின்னாடி போய் பாக்கலாம், உள்ள தலைய கூட விடலாம்.

நான் வரைஞ்சது ஒரு பிளாஸ்டிக் சேர். நைனா சாயந்திரம் வாசல்ல போட்டு உக்கார்றது, அதே உயரத்துக்கு. நாலு காலும் நாலு சைஸு. பக்கத்துல ஒரு பெயிண்ட் டப்பா. பெயிண்ட் இருக்கு ஆனா தின்னர் வாசனை இல்ல, நைனா வீட்டுக்குள்ள வந்தா மொதல்ல அந்த வாசனை தான் வரும். அங்க ஒடைஞ்சவன் தான், லென்ஸ் பூரா ஆவி. உக்காரலாம்னு வேற போய் தடுமாறிட்டேன் (சிரிக்காதீங்க, நெறைய பேரு உழுந்துருக்காங்களாம்). வெளியேர்ந்து "இன்னாடா ஒரே எடத்துல நின்னுகினு கீற, அடுத்த ஆளு வெயிட்டிங்"ன்றான்.

என்ன கேட்டா, அந்த மெஷின்ல பெருசா மந்திரம்லாம் இல்ல. மூஞ்சி மறைஞ்சுது, எவனும் பாக்கல, அவ்ளோ தான். மிச்சம் வரையறதோட வேலை. 2016ல அமெரிக்காவுல டிரெக்சல் யுனிவர்சிட்டில கிரிஜா கைமல் டீம் 39 பேர 45 நிமிசம் களிமண்ணு, மார்க்கர், பேப்பர் குடுத்து எதையாவது செய்ய சொன்னாங்க, முக்கால்வாசி பேருக்கு கார்டிசால், அதாவது டென்சன் ஹார்மோன், கொறஞ்சுது, முன்னாடி வரைஞ்ச அனுபவம் இருக்கறதும் இல்லாததும் பெரிய வித்தியாசம் காட்டல. அதுல வி.ஆரே கெடையாது, பாத்துக்கங்க. மிச்ச கால்வாசி பேர மறந்துடாதீங்க, எல்லாருக்கும் ஒத்து வராது.

அதனால இதுக்குனு கடன் வாங்கி ஹெட்செட் வாங்காதீங்க. நடமாடி வரைய ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி எடம் வேணும்னு ஃப்ரெண்டு சொல்றான், எங்க வீட்ல கட்டில ரோட்டுல போட்டா தான் உண்டு. உக்காந்துகினும் வரையலாம், தல சுத்துனா ஒடனே கழட்டிடுங்க.

தூக்கமே இல்ல, செத்துடலாம்னு தோணுதுன்னா ஹெட்செட்லாம் வேணாம், 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி லைன், ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். கீழ்ப்பாக்கம்னாலே நம்ம ஊர்ல கிண்டல் தான், ஆனா 1794லேர்ந்து இருக்கற மனநல ஆஸ்பத்திரி அது, போய் உக்காந்து பேசறதுல ஒண்ணும் கொறஞ்சுட மாட்டீங்க.

அந்த சேர் ஃபைல ஃப்ரெண்டு இன்னும் டெலிட் பண்ணல. ஸ்டோரேஜ் ஃபுல்லுடானு அப்பப்ப சொல்லுவான், அவ்ளோ தான்.